வண்டி இரவில் எங்கே நிற்கிறது?

ஓசூரில் லோடு வண்டி வாங்கப் போகிறவர்களிடம் இன்று ஒரே கேள்விதான். கரன்ட் வண்டியா, கேஸ் வண்டியா, பழையபடி டீசலா? சிப்காட் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருப்பவரும் கேட்கிறார், பாகலூர் பக்கம் ரோஜா பயிரிடுபவரும் கேட்கிறார், ஒற்றை வண்டியை வைத்துக் குடும்பம் நடத்தும் ஓட்டுநரும் கேட்கிறார். மூவரும் ஒரே ஷோரூமில்தான் நிற்கிறார்கள். ஆனால், மூவருக்கும் சரியான விடை ஒன்றல்ல.

2025 ஜூனில் டாடா நிறுவனம் ‘ஏஸ் ப்ரோ’ என்ற சிறு லோடு வண்டியைக் கொண்டுவந்தபோது, இந்தக் கேள்வியை எண்களில் பார்க்க நல்ல வாய்ப்பு கிடைத்தது. ஒரே வண்டி, ஒரே 750 கிலோ பாரம், மூன்று விதமான இயக்கம். அறிமுக விலையில் பெட்ரோல் வண்டி 3.99 லட்சம் ரூபாய். சிஎன்ஜியிலும் பெட்ரோலிலும் ஓடும் இரட்டை எரிபொருள் வண்டி 4.99 லட்சம். மின்சார வண்டி 6.50 லட்சம். 2005இல் வந்த முதல் ஏஸுக்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்து, அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசேர்த்தவர்கள் நம் ஓட்டுநர்கள். இருபது ஆண்டுக்குப் பிறகு அந்தக் குட்டி யானைக்கு எதைத் தீனியாகப் போடுவது என்பதுதான் இப்போதைய பேச்சு.

மின்சார வண்டி நல்லதா, கெட்டதா என்ற விவாதம் இந்தப் பகுதிக்குப் பயன்படாது என்பது என் கருத்து. வண்டி பகலில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரவில் எங்கே நிற்கிறது என்று கேட்பவர் குறைவு. லாபமும் நஷ்டமும் அந்த இடத்தில்தான் முடிவாகின்றன.

ஹைப்ரிட் எங்கே?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் கார்கள் நம் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. ஓசூரிலிருந்து பெங்களூருவைத் தாண்டினால் பிடதி. அங்குள்ள டொயோட்டா ஆலையில் ஹைப்ரிட் கார்கள் தயாராகின்றன. ஆனால், ஒரு டன் ஏற்றும் சிறு லோடு வண்டியில் முழுமையான ஹைப்ரிட் நம் சந்தையில் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2021இல் ‘மேவரிக்’ என்ற சிறிய பிக்கப்பை, அடிப்படை வகையே ஹைப்ரிட்டாக, அறிமுகப்படுத்தியது. சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2024இல் சார்ஜும் போடக்கூடிய, பெட்ரோலும் ஊற்றக்கூடிய ‘ஷார்க்’ என்ற பிக்கப்பை மெக்சிகோவில் வெளியிட்டது. இவையெல்லாம் குடும்பத்தோடு போகவும் கொஞ்சம் சாமான் ஏற்றவும் ஆன வண்டிகள். நம் ஊர் லோடு வண்டியின் வேலை வேறு, விலை வேறு.

இங்கே ஹைப்ரிட்டின் இடத்தில் இருப்பது இரட்டை எரிபொருள் வண்டி. ஷோரூமிலும் ஸ்டாண்டிலும் சிலர் இதையே ஹைப்ரிட் என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஹைப்ரிட் வண்டியில் பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. நெரிசலில் நிற்கும்போது என்ஜின் தானாக அணைகிறது. இரட்டை எரிபொருள் வண்டியில் இரண்டும் கிடையாது. ஒரே என்ஜின், இரண்டு டேங்க். சிஎன்ஜி தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். ஏஸ் ப்ரோவில் அந்தப் பெட்ரோல் டேங்க் 5 லிட்டர். நடுவழியில் நின்றுவிடுவோமோ என்ற பயத்தை அந்த 5 லிட்டர் போக்குகிறது. லோடு வண்டிக்காரருக்கு அந்த நிம்மதி பெரிது. வாடிக்கையாளர் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை போன் செய்யமாட்டார்.

ஹைப்ரிட் முயற்சி இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஓசூரில் பெரும் ஆலைகள் வைத்திருக்கும் அசோக் லேலண்ட், ‘ஹைபஸ்’ என்ற ஹைப்ரிட் பேருந்தை 2016 ஆட்டோ எக்ஸ்போவில் காட்சிக்கு வைத்தது. அந்த அனுபவம் சிறு லோடு வண்டிக்கு இறங்கி வரவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஐந்து லட்சம் ரூபாய் வண்டியில் என்ஜினையும் வைத்து, மோட்டாரையும் பேட்டரியையும் வைத்தால் விலை ஏறும், வண்டியின் சொந்த எடை கூடும், ஏற்றும் பாரம் குறையும். ஆகவே நம் ஒப்பீடு இப்போதைக்கு மின்சார வண்டிக்கும் இரட்டை எரிபொருள் வண்டிக்கும் இடையில்தான்.

காகிதத்தில் ஒரு கணக்கு

ஏஸ் ப்ரோ மின்சார வண்டியின் பேட்டரி 14.4 யூனிட். ஒரு சார்ஜில் 155 கிலோமீட்டர் என்கிறது நிறுவனம். அது சோதனைத் தடத்துக் கணக்கு. பாரம் ஏற்றி, நம் சாலையில், நம் வேகத்தடைகள் மேல் ஏறி இறங்கினால் 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் மின்சாரம் வெப்பமாகப் போகும். எனவே 100 கிலோமீட்டருக்கு மீட்டரில் ஓடுவது சுமார் 16.5 யூனிட். சொந்த இணைப்பில் யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். இரட்டை எரிபொருள் வண்டி ஒரு கிலோ சிஎன்ஜிக்கு 20 கிலோமீட்டர் தருகிறது, கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய். வித்தியாசம் 3 ரூபாய். உங்கள் ஊர் விலையையும் உங்கள் வண்டியின் மைலேஜையும் போட்டு இதைத் திருத்திக்கொள்ளலாம். விகிதம் பெரிதாக மாறாது.

இனி வாங்கும் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு முன்பும் 5 சதவீதம், இப்போதும் 5 சதவீதம். அந்தக் குறைப்பு முழுவதும் விலையில் இறங்கினால் 4.99 லட்சம் வண்டி சுமார் 4.60 லட்சமாகிறது. மின்சார வண்டிக்கும் அதற்கும் இடையே 1.90 லட்சம் இடைவெளி. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் மிச்சம் என்றால், 63,000 கிலோமீட்டர் ஓட்டினால் அந்த இடைவெளி அடைபடும். தினமும் 60 கிலோமீட்டர், வருடம் 300 நாள் ஓடும் வண்டிக்கு மூன்றரை ஆண்டு. தினமும் 100 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு ஆண்டும் சில வாரங்களும். தினமும் 30 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டிக்கு ஏழு ஆண்டு. அதாவது, கொஞ்சமாக ஓடும் வண்டிக்குத்தான் மின்சாரம் ஏற்றது என்ற பொது நம்பிக்கை தவறு. சார்ஜ் எல்லைக்குள் எவ்வளவு அதிகம் ஓடுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் முதல் திரும்பும்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். சொந்த பிளக் இல்லை, வெளியே பொதுச் சார்ஜிங் நிலையத்தில்தான் போட வேண்டும், அங்கே யூனிட் 20 ரூபாய். கிலோமீட்டருக்கு 3.30 ரூபாய் ஆகிவிடுகிறது. சிஎன்ஜியோடு வித்தியாசம் வெறும் 1.20 ரூபாய். 1.90 லட்சம் இடைவெளியை அடைக்க 1.58 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் 60 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு. பேட்டரிக்கு நிறுவனங்கள் தரும் வாரன்டி பெரும்பாலும் ஏழு, எட்டு ஆண்டுதான். சார்ஜ் போடக் காத்திருக்கும் நேரத்தில் போன ட்ரிப்புகளை இதில் நான் சேர்க்கவில்லை.

அதே வண்டி, அதே சாலை, அதே ஓட்டுநர். இரவில் நிற்கும் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் மாறியது. மூன்றரை ஆண்டில் தேறும் முதலீடு ஒன்பது ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது.

இந்தப் பிளக் யாரிடம் இருக்கிறது? சிப்காட் வளாகத்துக்குள் கம்பெனி வைத்திருப்பவரிடம் இருக்கிறது. அவருடைய வண்டி மாலையில் கேட்டுக்குள் வந்து நிற்கும். ஆறு மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். வாடகைக்கு ஓட்டும் ஒற்றை வண்டிக்காரரிடம் அது கிடையாது. அவர் வாடகை வீட்டில் இருக்கிறார். வண்டி தெருமுனையிலோ, கோயில் பக்கத்துக் காலி இடத்திலோ, பெட்ரோல் பங்கிலோ நிற்கிறது. வீட்டு ஜன்னலிலிருந்து தெருவுக்கு ஒயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். சம்மதித்தாலும் மழைக்காலத்தில் அது உயிருக்கு ஆபத்து. டியூ கட்டுவதற்காக ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கிறவருக்கு மலிவான எரிபொருள் எட்டவில்லை. வசதி இருப்பவருக்கு எட்டுகிறது. இந்த அநியாயம் வண்டியின் தொழில்நுட்பத்தால் வந்ததன்று. நிறுத்துமிடம் இல்லாததால் வந்தது.

மேடும் பள்ளமும்

இந்தப் பகுதியின் நில அமைப்பை வண்டி வாங்குபவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். இடையே 50 கிலோமீட்டர். சூளகிரியைத் தாண்டி மேலுமலைப் பக்கம் சாலை சரிந்து இறங்குவதை ஒவ்வொரு லாரி ஓட்டுநரும் காலால் அறிவார்.

பாரத்தோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி 400 மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால், வழக்கமான செலவுக்கு மேல் இரண்டு யூனிட் மின்சாரம் தேவை. 14.4 யூனிட் பேட்டரியில் அது ஏழில் ஒரு பங்கு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பாரத்தோடு வருகிறவர் 50 கிலோமீட்டரை 64 என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஆனால், காலி வண்டி இறங்கினால் திரும்புவதும் குறைவு. ஏறும்போது பாரமா, இறங்கும்போது பாரமா என்பதே கேள்வி. ஓசூரில் செய்த உதிரிபாகத்தைக் கிருஷ்ணகிரிப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் காலியாகத் திரும்புகிறவருக்கு இந்தச் சரிவு கைகொடுக்கும். கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் பெங்களூருவுக்கு ஏற்றுகிறவருக்கு இதே சரிவு பாதகம். 

மாறாக, ஓசூரிலிருந்து வடக்கே பெங்களூரு 40 கிலோமீட்டர். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று நின்று நின்று நகரும் நெரிசல். டீசல் வண்டி நிற்கும்போதும் எரிக்கிறது. மின்சார வண்டி நிற்கும்போது எரிப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஓசூரின் மிதமான வெயிலும் பேட்டரிக்கு நல்லது. ஓசூர்–பெங்களூரு தடம் மின்சார லோடு வண்டிக்கென்றே வகுத்ததுபோல இருக்கிறது என்பேன். ஒருமுறை போய்த் திரும்பினால் 80 கிலோமீட்டர். அங்கே இறக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் கிடைத்தால் ஓட்டுநர் பதற்றமின்றித் திரும்பலாம்.

எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது, பலர் அறிந்திருக்கவில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை அதில் அடங்கிவிடும். அதற்கு மேல், மூன்றரை டன் வகை டீசல் வண்டிக்குப் பெர்மிட் வேண்டும். மாநிலம் தாண்டினால் அதற்கேற்ற பெர்மிட் வேண்டும். ஆனால், பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வண்டிகளுக்குப் பெர்மிட்டிலிருந்து விலக்கு அளித்து மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அத்திப்பள்ளியை நாள்தோறும் கடக்கிற மூன்றரை டன் வண்டிக்கு இது சிறிய விஷயமன்று. இந்த வகையில் மின்சார வண்டிகளும் வந்துவிட்டன. 2011இல் ஓசூரில் பிறந்த தோஸ்த் லோடு வண்டி, அதன் பின் வந்த படா தோஸ்த் ஆகியவற்றின் அடிப்படையில் அசோக் லேலண்டின் துணை நிறுவனமான ஸ்விட்ச் உருவாக்கிய ‘ஐஇவி’ வண்டிகள் உண்டு. அவற்றில் பெரியது 1.7 டன் ஏற்றும், 120 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா நிறுவனம் 2025 ஜனவரியில் ‘எவியேட்டர்’ என்ற மூன்றரை டன் வண்டியைச் சுமார் 16 லட்சம் ரூபாய்க்கு அறிவித்தது. விலை கண்ணைக் கட்டுகிறது என்பது உண்மைதான். தினமும் இரண்டு ட்ரிப் உறுதியாக இருக்கும் கம்பெனி மட்டுமே இதைத் தொட முடியும்.

சந்தைக்காரரின் கணக்கு வேறு

இனி விவசாயப் பக்கம். ராயக்கோட்டை தக்காளி, தளி, பாகலூர், பேரிகை வட்டாரத்து ரோஜா, கோஸ், பீன்ஸ், குடைமிளகாய், மாம்பருவத்தில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் சுற்றிலும் உள்ள கூழ் ஆலைகளுக்குப் போகும் தோத்தாபுரி. இந்தப் பாரம் கடிகாரம் பார்த்து வருவதில்லை. இன்று பத்தளப்பள்ளி சந்தைக்குப் பத்து கிலோமீட்டர். நாளை விலை சரிந்தால் அதே தக்காளியை ஏற்றிக்கொண்டு 300 கிலோமீட்டர் தாண்டிச் சென்னை கோயம்பேட்டுக்குப் போக வேண்டும். மே முதல் ஜூலை வரை மாம்பழ வண்டி இரவும் பகலும் ஓடும். மற்ற மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்யும். போகிற இடத்தில் ரிட்டர்ன் லோடு கிடைத்தால் எங்கே என்று கேட்காமல் ஏற்றிக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் லாபம். சார்ஜ் மீதத்தைப் பார்த்து ரிட்டர்ன் லோடை மறுக்கும் நிலை வந்தால் தொழில் நடக்காது.

ஓவர்லோடு பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 750 கிலோ வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றுவது சட்டவிரோதம், ஆனால் நடக்கிறது. டீசல் வண்டி முனகிக்கொண்டே இழுத்துவிடும். மின்சார வண்டியில் அதிகப் பாரம் ஏறியதும் தூரம் கண்ணெதிரே சுருங்கும். மேட்டில் மோட்டார் சூடாகி, வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஓவர்லோடை நம்பித்தான் வாடகை பேசுகிறார்கள் என்பது தெரிந்தும், அதை மறைத்து மின்சார வண்டியை ஓட்டுநர் தலையில் கட்டுவது பாவம். அளவான பாரத்துக்கு நியாயமான வாடகை கிடைத்தால்தான் அவர் மாற முடியும்.

இப்படிப்பட்டவர்களுக்கு இன்றைய நிலையில் இரட்டை எரிபொருள் வண்டியே பொருத்தம். டாடாவின் ‘இன்ட்ரா வி20’ 2022இல் வந்தபோது சிஎன்ஜியும் பெட்ரோலும் சேர்த்து 700 கிலோமீட்டர் வரை ஓடும் என்றார்கள். ஒரு டன் ஏற்றும். சென்னை போய் வர அது போதும். சிஎன்ஜிக்கும் குறைகள் உண்டு. 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் இரும்பு சிலிண்டர்கள் கனமானவை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பலர் இதைத் தட்டிக்கழிக்கிறார்கள், அது விபத்தைத் தேடிப் போவது. மேட்டில் இழுவை பெட்ரோலைவிடச் சற்றுக் குறையும். நெடுஞ்சாலையை விட்டு விலகினால் பங்க் அரிது.

எரிவாயுவுக்கும் ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கொச்சியிலிருந்து பெங்களூரு வரை கெயில் நிறுவனம் போடத் திட்டமிட்ட குழாய், கோவையில் தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியாக 310 கிலோமீட்டர் செல்வதாக இருந்தது. விவசாயிகள் போராடினார்கள், மாநில அரசும் அவர்கள் பக்கம் நின்றது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குழாய் போன நிலத்தில் மரம் வைக்க முடியாது, கட்டடம் கட்ட முடியாது என்ற விவசாயியின் அச்சம் பொய்யல்ல. அந்த விவசாயியின் விளைச்சலை ஏற்றுகிற வண்டியே இன்று எரிவாயுவை நம்புகிறது. சிஎன்ஜி சுத்தமானது என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உதவி எங்கே நின்றுவிட்டது?

அரசுகளின் பங்கைப் பார்க்கும்போது ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. 2024 அக்டோபரில் மத்திய அரசு 10,900 கோடி ரூபாயில் பிஎம் இ-டிரைவ் திட்டத்தைத் தொடங்கியது. மின்சார ஸ்கூட்டருக்கு அதில் இடம் கிடைத்தது. மூன்று சக்கர வண்டிக்கும் இடம் கிடைத்தது. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 9.6 லட்சம் வரை ஊக்கத்தொகை என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். இடையில் இருக்கும் நான்கு சக்கரச் சிறு லோடு வண்டி விடுபட்டுவிட்டது. ஓசூர், கோவை, திருப்பூர் போன்ற சிறுதொழில் ஊர்களில் சரக்கின் பெரும்பகுதியைத் தூக்குவது இந்த வண்டிதான். ஸ்கூட்டருக்குக் கொடுத்ததை இதற்குக் கொடுக்காமல் விட என்ன நியாயம் இருக்கிறது? போதாக்குறைக்கு, 2025இன் ஜிஎஸ்டி குறைப்பு எரிபொருள் வண்டிகளை மலிவாக்கி இடைவெளியை இன்னும் அகலமாக்கியது. அந்த வரிக்குறைப்பை நான் குறை சொல்லவில்லை. டீசல் வண்டி ஓட்டுகிறவரும் ஏழைதான். அதோடு சேர்த்து மின்சார வண்டிக்கும் கைகொடுத்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு மின்சார வண்டிகளுக்குச் சாலை வரியை முழுமையாக விலக்கியது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால், 2023இல் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையில் மின்வாகன நகரங்களாக வளர்க்கத் தேர்ந்தெடுத்தவை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. ஓசூர் அந்தப் பட்டியலில் இல்லை. டிவிஎஸ் ஸ்கூட்டர் ஓசூரில் தயாராகிறது, ஏதர் ஓசூரில் தயாராகிறது, ஓலாவின் பெரும் ஆலை இதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் இருக்கிறது. நாட்டின் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்திலிருந்து புறப்படுகிறது. அவற்றுக்கான உதிரிபாகங்களை ஆலைக்குக் கொண்டுவந்து இறக்கும் வண்டிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுகின்றன. இதை மாற்றும் வழி இங்கேயே இருக்கிறது.

ஆலைகளின் இறக்குமிடத்தைக் கவனியுங்கள். உதிரிபாகம் கொண்டுவரும் வண்டி கேட்டில் பதிவு செய்து, வரிசையில் நின்று, சரக்கை இறக்கி, தரம் பார்த்து, ரசீது வாங்கிப் புறப்பட மணிக்கணக்கில் ஆகிறது. ஓட்டுநருக்கு அது வீண் காத்திருப்பு. அந்த வரிசையில் சாதாரண பிளக்குகளை வைத்தால், அதே நேரம் சார்ஜ் நேரமாகிவிடும். ஒரு மணி நேரத்தில் மூன்று யூனிட் ஏறும். சுமார் 20 கிலோமீட்டர். சிப்காட்டிலிருந்து சிட்கோ தொழிற்பேட்டைக்கும் அங்கிருந்து சூளகிரிக்கும் ஓடும் வண்டிக்கு அது பெரிய துணை. பகல் நேரம் என்பதால் ஆலைக் கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகளே அந்த மின்சாரத்தைக் கொடுக்கலாம். இதற்கு எந்த மானியமும் வேண்டாம். வாங்கும் கம்பெனி மனம்வைத்தால் போதும். தங்களுக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டியின் புகையும் தங்கள் கணக்கில் சேரும் என்பதைப் பெரிய நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் எழுதத் தொடங்கிவிட்டன. கேட்டுக்குள் பிளக் வைப்பது அதைவிடச் சுலபம்.

தெரிந்த தடத்தில்தான் மின்சார வண்டி எடுபடும் என்பதை வெளிநாட்டு அனுபவமும் காட்டுகிறது. தாய்லாந்தில் டொயோட்டா மின்சார ஹைலக்ஸ் பிக்கப்பை முதலில் சோதித்துப் பார்த்தது பட்டாயா நகரின் பகிர்வுப் பயணிகள் வண்டிகளில். தடம் தெரியும், திரும்பி வரும் இடம் தெரியும். அமெரிக்காவில் எதிர்மாறாக, எங்கும் போகும் பெரிய பிக்கப்பை முழு மின்சாரமாக விற்கப் பார்த்த ஃபோர்டு, ‘எஃப்-150 லைட்னிங்’ வண்டியின் உற்பத்தியை 2025 டிசம்பரில் கைவிட்டது. மின்சாரத்தில் ஓடி, பேட்டரி குறையும்போது சிறு என்ஜின் சார்ஜ் ஏற்றும் வகைக்கு மாறப்போவதாக அறிவித்தது. பணக்கார நாட்டுக்கே தடம் தெரியாத பயணத்துக்கு வெறும் பேட்டரி போதவில்லை.

அந்தச் சிறு என்ஜின் யோசனை நம் வண்டிக்காரருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். தினசரி 40 கிலோமீட்டருக்குப் போதுமான சிறு பேட்டரி, மாம்பருவத்துக்கும் சென்னைப் பயணத்துக்கும் ஒரு சிறு சிஎன்ஜி என்ஜின். பெரிய பேட்டரியின் விலை மிச்சமாகும். ஆட்டோ என்ஜின் செய்யும் டிவிஎஸ், தோஸ்த் செய்யும் லேலண்ட், மோட்டாரும் கன்ட்ரோலரும் செய்யும் பல சிறு பட்டறைகள் என எல்லாம் முப்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன. இந்த வண்டி உலகில் எங்காவது உருவாக வேண்டுமென்றால் அதற்கு ஓசூரைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை செய்ய வேண்டியவை எளிமையானவை. ஓசூர் மாநகராட்சியும் பிற உள்ளாட்சிகளும் லோடு வண்டி ஸ்டாண்டுகளை வரையறுத்து, கூரை போட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் தனி மீட்டருடன் 15 ஆம்பியர் பிளக் கொடுக்கட்டும். மின்வாரியம் இரவு நேரத்துக்கு அங்கே குறைந்த கட்டணம் நிர்ணயிக்கட்டும். பத்தளப்பள்ளி சந்தை, ராயக்கோட்டை சந்தை, கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையச் சுற்றுவட்டாரம் மூன்றிலும் முதலில் தொடங்கலாம். மின்வாகன நகரங்களின் பட்டியலில் ஓசூரைச் சேர்ப்பதற்கு மாநில அரசுக்கு ஒரு கையெழுத்து போதும். சிறு லோடு வண்டியை இ-டிரைவ் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள். இன்னொன்று: பயன்படுத்திய மின்சார லோடு வண்டிக்கு இன்று சந்தை சரியாக உருவாகவில்லை. நம் ஓட்டுநர்களில் பலர் முதல் வண்டியைச் செகண்ட் ஹேண்டில்தான் எடுக்கிறார்கள். பேட்டரியின் மீதி ஆயுளைச் சோதித்துச் சான்று தரும் மையம் ஒன்று ஓசூரில் வந்தால், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பழைய மின்சார வண்டிக்குக் கடன் கொடுக்கத் துணியும். அரசு பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஐகளிலும் இதற்குப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கலாம்.

வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு என் சொல் இது. இரவில் வண்டி நிற்கும் இடத்தில் உங்கள் பெயரில் மின் இணைப்பு இருந்து, தினசரி ஓட்டம் 60 முதல் 100 கிலோமீட்டருக்குள், தெரிந்த தடத்தில் இருந்தால், தயங்காமல் மின்சார வண்டி எடுங்கள். அந்த இணைப்பு இல்லையென்றால், அல்லது எங்கே லோடு கிடைக்கும் என்று காலையில்தான் தெரியும் என்றால், இப்போதைக்கு இரட்டை எரிபொருள் வண்டியே எடுங்கள். சிலிண்டர் சோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன், உங்கள் தெருவுக்கோ ஸ்டாண்டுக்கோ பிளக் கேட்டு மாநகராட்சியில் ஒரு மனுவும் கொடுத்துவிடுங்கள்.